மூன்றாம் சரணத்தில் செத்துப்போனவள்

ஆர்டித் காடில் செத்துப்போன செய்தியை எனக்குச் சொன்னவள் ஆர்டித் காடிலேதான். பள்ளிக்கூடச் சமையலறையில், தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே சொன்னாள்.

"டேரனோட பாட்டுல நான் செத்துப்போறேனாம் மோசெல். மூணாவது சரணத்துல."

சொல்லிவிட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவ்வளவுதான் அவள் தன் சாவுக்குக் கொடுத்த மரியாதை.

இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை பார்க்கிறோம். கென்டக்கி மலையில் எங்கள் ஊரைப் போல நூறு ஊர் இருக்கும். ஆர்டித்தைப் போல ஒருத்திதான் இருப்பாள். புருஷன் டாயில் ரொட்டி கம்பெனி வண்டி ஓட்டினான். ஒரு நாள் வண்டியோடு பக்கத்து மாநிலமான ஒஹாயோவுக்குப் போனான். வண்டி மட்டும் திரும்பி வந்தது, அதுவும் கம்பெனிக்கு. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். ஆர்டித் அவனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. அவளுக்கும் சேர்த்து நானே திட்டிக்கொள்வேன்.

அவளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பைத்தியம் உண்டு. எங்கள் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கண்ணாடிப் பாத்திரத்தில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்போம். சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி, பீன்ஸ், கோழி, ஏதோ ஒன்று. பாத்திரத்துக்கு அடியில் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். துக்கக்காரர்கள் தின்று முடித்து, கழுவி, நேரில் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் விட்டு அனுப்பக் கூடாது. எங்களில் பாதிப் பேர் ஆறு மாதம் இழுத்தடிப்போம். ஆர்டித் அப்படியில்லை. அவள் அம்மா போனபோது பத்தொன்பது பாத்திரம் வந்தது. ஒரே வாரத்தில் பத்தொன்பது வாசலிலும் ஏறி இறங்கினாள். ஒன்றைக்கூட வெறுமையாகக் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றிலும் நாலு ஆப்பிளாவது போட்டுக் கொடுத்தாள். அவளுடைய பாத்திரம் நீலக் கரை போட்டது. அது போகாத சாவு வீடு எங்கள் ஊரில் இல்லை.

அவள் பெற்ற பிள்ளைதான் இந்த டேரன். இப்போது அவனுக்குப் பெயர் டேரன் இல்லை, ரைடர் காடில். ரைடர் என்றால் குதிரைக்காரன். ஏழு வயதில் மாவட்டப் பொருட்காட்சியில் மட்டக்குதிரை மேல் உட்கார வைத்ததற்கு டவுசரை நனைத்துக்கொண்டு அழுதவன் அவன். இறக்கிவிட்டவளே நான்தான். அந்தக் குதிரைக்காரன் இருபது வயதில், பாட்டுக்காரர்கள் பிழைக்கப் போகிற நாஷ்வில் போய், எட்டு வருடம் சாப்பாட்டுப் பொட்டலம் வீடு வீடாகக் கொடுத்து, கடைசியில் எப்படியோ ஒரு பாட்டுக் கம்பெனியைப் பிடித்து, முதல் ஆல்பம் போட்டான். 'கரியும் கண்ணீரும்' என்று பெயர்.

கரி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அவன் அப்பன் நிலக்கரிச் சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அட்டையில் இவன் இடிந்த கொட்டகை முன்னால் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கொட்டகை டென்னஸியில் யாருடையதோ. இவன் வளர்ந்த வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷினே இருந்தது. ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சிக்கொண்டு, அம்மா போர்வை போர்த்திவிட, டிவி பார்த்து வளர்ந்த பிள்ளை.

சரி, பாட்டுக்காரன் நாலு பொய் சொல்வான், போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த ஒரு பாட்டுதான் விடவில்லை.

நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது பல் டாக்டரிடம் போகிற மாதிரி. காலை பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். ஒரு அறையில் மூன்று பேர் உட்காருவார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும். டேரன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னானாம். பனிக்காலத்தில் ஆர்டித் விடியலில் எழுந்து, மாவு பிசைந்து ரொட்டி சுட்டு, நடுவில் பன்றி இறைச்சி வறுவலை வைத்து, அலுமினியத் தாளில் சுற்றி, அவன் பள்ளிக்கூடம் போகும் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில், சூடு வரும் ஓட்டைமேல் வைத்துவிடுவாள். வண்டி பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை ரொட்டி ஆறாது. இரண்டு சரணமும் அதுதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முதல் முறை கேட்டபோது நானே கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பயலுக்குப் பாடவும் வரும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது கூட இருந்த இரண்டு பேரும், அம்மா செத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாவது சரணத்தில் யாரும் சாகாத பாட்டை ரேடியோக்காரன் தொடமாட்டானாம். இவனும் தலையாட்டிவிட்டான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது, இவன் வண்டியை விரட்டிக்கொண்டு வருகிறான், வந்து சேர்வதற்குள் போய்விடுகிறாள், அடுப்பு மேல் அலுமினியத் தாள் மட்டும் இருக்கிறது. அன்றைக்குக் காலையிலிருந்து வேறு யார் யார் பாட்டிலோ அழுதுவிட்டு வந்த கிதார் ஒன்று இவளுக்காகவும் அழுதது. ஸ்டூடியோவில் நாலே மணி நேரம். என் சினேகிதியைப் புதைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் போனில் அம்மாவிடம் அவனே சொல்லியிருக்கிறான். "பாட்டுதானம்மா" என்றானாம். இவளும் பாட்டுதானே என்று விட்டுவிட்டாள்.

ஆல்பம் வெளிவந்த வாரம் ரேடியோவில் அவனைப் பேட்டி எடுத்தார்கள். நாங்கள் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கேட்டோம். பேட்டி எடுத்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மா போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டான். ஐயா, உயிரோடுதான் இருக்கிறார்கள், இந்நேரம் மசித்த கிழங்கு பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவனா? மூக்கை உறிஞ்சினான். ஆஸ்துமாவில் உறிஞ்சி உறிஞ்சி அதில் அவனுக்கு நல்ல பழக்கம். பிறகு சொன்னான்:

"இன்னும் அதப் பத்திப் பேச முடியல சார்."

ஆர்டித் கையில் கரண்டியோடு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பதற்றத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டான், பாவம், அடுத்த பேட்டியில் சரி பண்ணிவிடுவான் என்றாள். அடுத்த பேட்டியில் அவன் அடக்கம் எந்த மாதம் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

அதற்குள் பாட்டு மலையெங்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. பாட்டுக் கம்பெனியிலிருந்து பிரெஸ்டன் என்று ஒரு ஆள் போன் பண்ணினான். நாக்கில் வெண்ணெய் தடவிய பேச்சு. மிஸ் ஆர்டித், உங்கள் மகனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் முதல் ஆல்பம், நீங்கள் ஒரு மூன்று வாரம் மட்டும் எங்காவது உறவுக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வர முடியுமா என்று கேட்டான். செத்தவளை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறவனை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அவள் சரி என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம். உனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கத்தினேன். லீவு போடுவதென்றால் துக்க லீவு போடு, மூன்று நாள் சம்பளத்தோடு கிடைக்கும், செத்தவருக்கு நீ என்ன உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுத் திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு உறவென்று இருப்பவர்கள் ஒஹாயோவில்தான், அங்கே டாயிலும் இருக்கிறான், அதனால் போகவில்லை.

ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. அவள் உயிரோடு இருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். அவள் கையால் கிழங்கு தின்னாதவன் எவனும் இல்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் 'ரைடர் காடிலின் சொந்த ஊர்' என்று பலகை வைத்த பிறகு ஒருவனுக்கும் வாய் வரவில்லை. வெளியூர்க்காரன் யாராவது வந்து கேட்டால் முடிதிருத்துகிறவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்கிறான். பாதிரியார் பொய் சொல்லவில்லை, அவர் பாதிரியாராயிற்றே. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு மட்டும் விடுகிறார்.

வெளியூர்க்காரர்களும் பாத்திரங்களோடு வர ஆரம்பித்தார்கள். பாட்டைக் கேட்டு மனசு உருகிய சனங்கள், நாலு மாவட்டம் தள்ளியிருந்தெல்லாம் வந்து தேவாலயத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியாரின் மனைவி அதைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, செத்தவளின் கையிலேயே கொடுத்தாள். கூச்சமே இல்லை. மக்ரோனி, கோழி, சர்க்கரைவள்ளி. ஆர்டித் தன் சாவுச் சாப்பாட்டைத் தானே உட்கார்ந்து தின்றாள். வீணாக்கக் கூடாதாம். நானும் தினம் வேலை முடிந்து போய்த் தின்றேன், மறைப்பானேன். அந்தக் கோழி நன்றாகவே இருந்தது. தின்ற வாயாலேயே அவள் மகனைத் திட்டினேன். அவளுக்கு மட்டும் வேறொரு கவலை. பாத்திரங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, பத்து ஆகிவிட்டது, நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பேன் என்று என்னிடம் கேட்டாள்.

பதினோராவது பாத்திரம் மஞ்சள் நிறம், மூடி போட்டது. உள்ளே பீச் பழம் போட்டுச் சுட்ட இனிப்பு. அடியில் ஒட்டியிருந்த டேப் பழசு, ஓரமெல்லாம் சுருண்டு போயிருந்தது. ஓப்பல் மலின்ஸ் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. மூடியின் மேல் ஒரு கடிதம். ஜுவெல் மலின்ஸ் என்ற பெண் டேரனுக்கு எழுதியது. இது என் அம்மாவின் பாத்திரம், பிப்ரவரியில் அவள் போய்விட்டாள், நானும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அடக்கத்திலும் எனக்கு அழுகை வரவில்லை, உன் பாட்டைக் கேட்ட பிறகுதான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன், உன் ஊர்க் கச்சேரிக்கு வருகிறேன், பாத்திரத்தை அப்போது வாங்கிக்கொள்கிறேன், அவள் கையெழுத்து அது ஒன்றில்தான் இருக்கிறது.

ஆர்டித் அந்த இனிப்பைத் தொடவில்லை. என்னையும் தொடவிடவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இவ நெசமாவே அழுதிருக்காடி," என்றாள். "என் மவன் சும்மா சொன்னதுக்கு இவ நெசமா அழுதிருக்கா."

பிறகு எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினாள். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்குள் வெயில் வந்தது.

கச்சேரி சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கத்தில். முதலில் அவன் மேசை போட்டு உட்கார்ந்து ஆல்பத்தில் கையெழுத்துப் போடுவான், பிறகு பாட்டு. பத்துப் பாத்திரத்தையும் கழுவித் துண்டில் சுற்றி, ஒவ்வொன்றிலும் நாலு ஆப்பிள் போட்டு என் வண்டியில் ஏற்றினாள். இனிப்பை வேறொன்றில் மாற்றிவிட்டுக் கழுவிய ஓப்பலின் பாத்திரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். காலடியில் அவளுடைய நீலக்கரைப் பாத்திரம் இருந்தது. விடியலில் எழுந்து ரொட்டி சுட்டு, நடுவில் இறைச்சி வைத்து அடுக்கியிருந்தாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவளே சொன்னாள். வண்டியைவிட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒண்ணும் சண்டை போட வரல மோசெல். என்னப் பாத்தான்னா அவனே எந்திரிச்சு எங்கம்மான்னு சொல்லிருவான். அது போதும் எனக்கு. பாரேன், சொல்லுவான்."

பதினொரு பாத்திரத்தையும் வாசல் பக்கத்து மேசையில் அடுக்கிவிட்டு, நீலக்கரைப் பாத்திரத்தோடு வரிசையின் வாலில் போய் நின்றாள். ஒரு மணி நேரம் இருக்கும். முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளூர். திரும்பிப் பார்த்தவர்களெல்லாம் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்கள். பிரெஸ்டனுக்கு எப்படியோ மூக்கு வேர்த்துவிட்டது. பளபளக்கும் பூட்ஸோடு ஓடி வந்து, மிஸ் ஆர்டித், நாம் பேசியிருந்தோமே, பின்பக்கம் நல்ல அறை இருக்கிறது, அங்கே உட்காருங்கள் என்று முழங்கையைப் பிடித்தான்.

"நான் வரிசையில நிக்கிறேன் தம்பி," என்றாள் அவள். "முன்னாடி எல்லாம் புகுந்து போகமாட்டேன், பயப்படாத."

அவன் கையை நான் எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான் எடுத்தேன். அவன் அப்புறம் கொஞ்ச நேரம் விரலை நீவிக்கொண்டிருந்தான்.

அவள் முறை வந்தது. டேரன் தலை குனிந்து, பெரிய தொப்பிக்குக் கீழே, அடுத்த ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டு நிமிர்ந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவன் கண்ணில் ஏழு வயதுப் பிள்ளைதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைக்கூடத் திறந்தான். பிறகு அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. அங்கே அந்த மஞ்சள் பாத்திரக்காரி மாதிரி ஐம்பது பேர் ஈரக் கண்ணோடு நின்றார்கள். பக்கத்தில் பிரெஸ்டன் நின்றான்.

"யார் பேருக்குன்னு எழுதட்டும் மேடம்?" என்று கேட்டான்.

பெற்றவளைப் பார்த்து. மேடமாம்.

எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஆர்டித் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும், இன்னும் ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தாள். அவன் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான்.

"ஆர்டித் காடில்," என்றாள்.

அவன் எழுதினான். ஆர்டித் காடிலுக்கு, அன்புடன், ரைடர். ரைடர் என்று போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பேனாவைத் தூக்கினான், அதையும் நான் பார்த்தேன். பார்த்து எனக்கு ஒரு இரக்கமும் வரவில்லை. அவள் ஆல்பத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பாத்திரத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"சூடு இருக்கும்போதே சாப்பிடு. சாப்பிட்டுட்டு, கழுவி, நேர்ல கொண்டாந்து குடு. பேரு அடியில இருக்கு."

அதற்குப் பிறகு அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் பக்கத்து மேசைக்குப் போய்ப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் அவரவர் பாத்திரத்தைப் பார்த்து எடுத்தார்கள். நீங்கள் குடும்பத்து ஆளா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். கோழி நன்றாக இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பாவம், சாயலே இருக்கிறது, சித்தியாக இருக்கும் என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

ஜுவெல் மலின்ஸ் கடைசியில் வந்தாள். ஒல்லியான பெண், ஐம்பது வயதிருக்கும், மருத்துவமனையில் துணி துவைக்கும் இடத்துச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். ஆர்டித் பாத்திரத்தைக் கவிழ்த்து டேப்பைக் காட்டினாள். தண்ணீர் படாமல் அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் கழுவியிருந்தாள். அந்தப் பெண் டேப்பை விரலால் தடவினாள். நீங்கள் அவனுக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.

"நான்தாம்மா அவன் அம்மா," என்றாள் ஆர்டித். "நான் சாகல. ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன்."

அந்தப் பெண் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கூடச் சேர்ந்து கத்தத் தயாராக இருந்தேன். அவள் ஆர்டித்தையே பார்த்தாள், பிறகு தூரத்தில் மேசையில் இருந்த தொப்பியைப் பார்த்தாள்.

"அப்ப அவர் நேரத்துக்கு வந்து சேரலன்னு பாடுறாரே, அதுவும் பொய்தானா?"

ஆர்டித் துண்டை நாலாக மடித்தாள்.

"நாஷ்வில் இங்கேருந்து அஞ்சு மணி நேரம்," என்றாள். "ரெண்டு வருசமா வரல. அது ஒண்ணு மட்டும் பொய் இல்லம்மா."

அந்தப் பெண் அம்மாவின் பாத்திரத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் ஆர்டித்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜுவெல் கச்சேரி கேட்காமல் வெளியே போய்விட்டாள். அந்த அரங்கத்தில் அன்றைக்கு மானம் உள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள் இருந்து முழுதும் கேட்டார்கள். மூன்றாவது சரணத்தில் அத்தனை பேரும் அழுதார்கள். முடிதிருத்துகிறவன் அழுதான், பாதிரியார் மனைவி கைக்குட்டையை எடுத்தாள். செத்தவள் வாசலருகே அவர்கள் கண் முன்னால் துண்டு மடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பாட்டுதான் வேண்டியிருந்தது.

ஆர்டித் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். சமையலறை ரேடியோவில் அந்தப் பாட்டு இப்போதும் வாரம் இரண்டு தடவையாவது வரும். முதல் இரண்டு சரணத்தையும் நின்று கேட்பாள். மூன்றாவது தொடங்கும்போது ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போய் அணைத்துவிடுவாள். பிள்ளைகள் யாராவது ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், முடிஞ்சுபோச்சு கண்ணு என்பாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. நடுவில் எங்கள் ஊரில் மூன்று சாவு. மூன்று வீட்டுக்கும் அவள் அலுமினியத் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள், கடையில் வாங்கியது, தின்றுவிட்டுத் தூக்கி எறிகிற தட்டு. நேற்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், அந்த நீலக்கரைப் பாத்திரத்தை அவன் கொண்டுவந்து கொடுத்தானா இல்லையா என்று.

"கழுவ நேரமிருந்திருக்காது மோசெல்," என்றாள். "வேலை ஜாஸ்தி அவனுக்கு."